மண்ணுக்குள்ள இருந்து நெற்றியால முட்டி வெளிய வருது ஈ, அது எப்பிடி?

பாவப்பந்தல் (அருமனை பக்கம்)
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முப்பது சென்ட்ல பாவக்காயும் புடலங்காயும் பந்தல் உண்டு. இந்தத் தடவை பழ ஈ ரொம்பக் கூடுதல். குத்துபட்ட பிஞ்சு கோணிப்போகும், மஞ்சளாப் பழுத்து விழும், பிளந்தா உள்ள வெள்ளைப் புழு துள்ளும். விழுந்த காயைப் பொறுக்கிக் குழியில மூடுறது அப்பா காலத்து வழக்கம். நானும் பந்தலுக்க ஓரத்துல ஒரு சாண் ஆழம் வெட்டி, ரெண்டு கடவம் காயைத் தட்டி, மண்ணு தள்ளி நல்லா சவிட்டி விட்டேன். அதோட தீர்ந்துதுன்னு நினைச்சேன்.

பதினஞ்சு நாள் கழிஞ்சு காலையில ஆறரைக்கு தண்ணி விடப் போனா, குழி மேல மண்ணு அங்கங்க பொடிப்பொடியா எழும்பி நிக்குது. குனிஞ்சு பாத்தேன். வெளிறின ஈ ஒண்ணு தலையை நீட்டுது. அதுக்க நெத்தியில ஒரு குமிழி. உப்பும், உள்ள போகும், திரும்ப உப்பும். அந்தக் குமிழியால மண்ணை ஒதுக்கி ஒதுக்கித்தான் அது மேல வருது. இறக்கை ரெண்டும் கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி. எனக்க மக எட்டாம் கிளாஸ் படிக்கா, அவ மொபைல்ல எடுத்த வீடியோவை இங்க போட்டிருக்கேன்.

ரெண்டு காரியம் தெரியணும். அந்தக் குமிழி என்னது? அரிசி கனம் கூட இல்லாத ஒரு ஈக்கு நான் சவிட்டின மண்ணைத் தள்ள எங்கயிருந்து பெலம் வந்து?

தேன்கூடு (மார்த்தாண்டம்)
அண்ணே, பெலம் வாய்ல இருந்துதான் வரும். என்கிட்ட இருபது பெட்டி தேனீ இருக்கு. வேலைக்காரத் தேனீ உள்ளயிருந்து மெழுகு மூடியை வாயால கடிச்சுக் கடிச்சு ஓட்டை போட்டுத்தான் வெளிய வரும், தினமும் பாக்குறேன். ஈயும் கூட்டைக் கடிச்சுட்டு வந்திருக்கும். குமிழி ஏதாவது நோயா இருக்கும்.

ரப்பர்க்காடு (குலசேகரம்)
எங்க தோட்டத்துல மழை நேரம் பால் வெட்டாம விட்ட சிரட்டையில எல்லாம் கொசு. அதுக்க கூட்டுப்புழு தண்ணியில தலைகீழா அடிச்சு நீந்தும். வெளிய வாற நேரம் தண்ணி மட்டத்துல வந்து நீண்டு கிடக்கும், முதுகுத் தோல் நீளவாட்டுல பிளக்கும், கொசு நிமிர்ந்து எழும்பி அந்தத் தோல் மேலயே நிக்கும். குமிழியும் இல்ல, கடியும் இல்ல. ஈயும் கொசுவும் ஒரே கூட்டம்னு படிச்ச ஞாபகம். அப்ப ஏன் இந்த வித்தியாசம்?

உயிரியல்வாத்தியார் (நாகர்கோவில்)
முப்பத்திரண்டு வருடம் விலங்கியல் நடத்தியவன். வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். தம்பி, உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: பாடப்புத்தகப் படத்தில் எனக்குக் கிடைக்காத தெளிவு அதில் இருக்கிறது. அது நோய் இல்லை. அந்தக் குமிழிக்கு டிலைனம் என்று பெயர். நாம் நெற்றிப்பை என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் கூட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். பழ ஈ, வீட்டு ஈ, மீனில் மொய்க்கும் பச்சை ஈ இவையெல்லாம் புழுப் பருவத்தின் கடைசித் தோலை உரித்துப் போடுவதில்லை. அந்தத் தோலே சுருங்கி இறுகிப் பழுப்பாகி ஒரு பெட்டி ஆகிவிடுகிறது. மண்ணைக் கிளறும்போது கோதுமை மணி போலக் கிடப்பது அதுதான். பெட்டிக்குள் மெல்லிய கூட்டுப்புழு உறை ஒன்று, அதற்குள் ஈ. ஆக இரண்டு சுவர். கொசுவுக்கு இந்த வெளிப்பெட்டி கிடையாது, ஒரு தோல்தான். ரப்பர்க்காடு கேட்டதற்குப் பதில் அங்கே இருக்கிறது.

தேன்கூடு தம்பி சொன்னது தேனீக்குச் சரி. அதற்குக் கடிக்கும் தாடை உண்டு. இந்த ஈக்கு வாய் என்பது நக்கி உறிஞ்சும் குழல் மட்டும். கடிக்க முடியாது. காலும் இறக்கையும் உடம்போடு ஒட்டி மடிந்து கிடக்கின்றன. பின்னே எதைக் கொண்டு திறக்கும்?

தசைக்குத் தெரிந்தது ஒரே வேலை, சுருங்குவது. இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. நாம் கையை நீட்டிக் கதவைத் தள்ளும்போதும் உள்ளே ஒரு தசை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. எலும்பு நெம்புகோலாக நின்று அந்த இழுப்பைத் தள்ளலாக மாற்றித் தருகிறது. கூட்டுக்குள் இருக்கும் ஈக்கு எலும்பு இல்லை. நெம்புகோலாக உதவ வேண்டிய மேலோடும் இன்னும் ஈரத்துணி மாதிரி மெதுவாக இருக்கிறது. அதனால் அது தன் ரத்தத்தையே நெம்புகோலாக்கிக் கொள்கிறது. பூச்சிகளின் ரத்தம் நம்முடையதைப் போல நாளங்களுக்குள் அடைந்து ஓடுவதில்லை, உடம்பு முழுக்க ஒரே பைக்குள் நிற்கிற மாதிரி நிறைந்திருக்கும். தண்ணீர் நிரப்பிய பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்குமே, அதேதான். வயிற்றுத் தசைகள் வளைத்துப் பிடித்து இறுக்கும், ரத்தம் முன்னால் தலைக்குப் பாயும். உணர்கொம்புகளுக்கு மேலே நெற்றியில் ஒரு பிளவு உண்டு, அதன் வழியாக நெற்றிப்பை வெளியே உப்பும். பெட்டியின் முன்முனையில் வளையமாக ஒரு பலவீனமான கோடு முதலிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் அழுத்தம் விழுந்ததும் மூடி கழன்றுவிடும்.

அதற்குப் பிறகு தலைக்குள் உள்ள தசைகள் பையை உள்ளே இழுக்கும். வயிறு மறுபடி இறுக்கும், பை மறுபடி உப்பும். மண்ணுக்குள் இதே வேலைதான் மேல்மட்டம் வரை. பை உப்பித் துகள்களை ஓரம் தள்ளுகிறது, அடங்கும்போது முன்னால் ஒரு இடைவெளி கிடைக்கிறது, உடம்பை நெளித்து அதற்குள் ஏறுகிறது. நீங்கள் சவிட்டிய மண்ணைத் தூக்கவில்லை தம்பி, துகள் துகளாக வழி கேட்டு வந்திருக்கிறது.

வெளியே வந்த பின் பை நிரந்தரமாக உள்ளே போய்விடும். பிளவு மூடி, உணர்கொம்புகளுக்கு மேலே வளைந்த ஒரு தழும்பாக நிற்கும். இந்தத் தழும்பை வைத்தே ஒரு பெரும் ஈக் கூட்டத்துக்கு ஸ்கைசோபோரா என்று பெயரிட்டார்கள், பிளவைச் சுமப்பவை என்று பொருள். வீட்டு ஈயைக் கைலென்சில் பார்த்தாலே தெரியும்.

தேன்கூடு (மார்த்தாண்டம்)
சார், விளங்கிச்சு. நான் தேனீயை வச்சு ஈயை அளந்துட்டேன். நோய்னு சொன்னது தப்பு.

பாவப்பந்தல்
ரொம்ப நன்றி சார். மக இதைப் பள்ளிக்கூடத்துல சொல்லணும்னு எழுதி வச்சிட்டா. அவளுக்க சந்தேகம் ஒண்ணு, அவ சொன்ன மாதிரியே எழுதுறேன்: "கூட்டுக்குள்ள புழுவுக்க உடம்பு எல்லாம் கரைஞ்சுதான் ஈ உண்டாகும்னு டீச்சர் சொன்னாவ. அப்ப வயித்தை இறுக்குற தசை புழுவுக்குள்ளதா, ஈக்குள்ளதா?"

எனக்கும் பதில் தெரியல்ல.

ஆய்வுமாணவி (தக்கலை, இப்போ பெங்களூரு)
பாவப்பந்தல் அண்ணே, உங்க மக கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. நான் பழ ஈயோட சின்ன உறவான ட்ராசோஃபிலாவில் வேலை பார்க்கிறேன், வாழைப்பழத்தில் மொய்க்குமே அந்தப் பொடி ஈ. எங்க வீட்டில் மட்டிக்குலை பழுத்தால் அம்மா விரட்டிக்கொண்டே இருப்பார், நான் இங்கே அதைக் குப்பியில் வளர்க்கிறேன். நாளுக்கு நாள் கூட்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

புழுவோட தசைகளில் பெரும்பாலானவை கூட்டுக்குள்ளே கரைவது உண்மை. ஆனால் எல்லாம் இல்லை. வயிற்றில் உள்பக்கம் சாய்வாகப் போகிற சில தசைகள் கரையாமல் நின்றுவிடும். புழுவை ஊர்ந்து போக வைத்த அதே தசைகள்தான். சுற்றிலும் எல்லாம் இடித்துக் கட்டப்படும்போது இவை மட்டும் பழைய வீட்டுத் தூண் மாதிரி நிற்கும். கூட்டைத் திறக்கும் நேரம் ரத்தத்தை முன்னால் தள்ளுகிறதில் பெரிய பங்கு இவற்றுக்குத்தான். ஆகவே உங்க மகளுக்குப் பதில்: அந்தத் தசை புழுவுடையது, ஈக்குக் கைமாற்றாகக் கிடைத்தது.

அடுத்து வருவதுதான் எனக்கு இன்றைக்கும் மனதைப் பிசையும். ஈ வெளியே வந்து இறக்கை விரித்த பிறகு அந்தத் தசைகள் சாகும். ட்ராசோஃபிலாவில் சுமார் 12 மணி நேரத்துக்குள் காணாமல் போய்விடும், அவற்றை இயக்கிய நரம்பணுக்களில் சிலவும் கூடவே போகும். கிமுராவும் ட்ரூமனும் 1990-ல் இதை விவரமாகக் காட்டினார்கள். ஒரு நாள் வயசான ஈயை அறுத்துப் பார்த்தால், அது எதை வைத்து வெளியே வந்தது என்கிற அடையாளமே வயிற்றில் இருக்காது. நெற்றிப்பையை இழுத்த தலைத் தசைகளும் இப்படித்தான் அழிந்து போகும்.

நோயால் இல்லை, காயத்தால் இல்லை. உடம்பே நேரம் குறித்து உயிரணுக்களைக் கலைக்கிறது. பட்டுப்பூச்சி வகை அந்துகளில் இதே மாதிரி வயிற்றுத் தசை அழிவதை ஆராய்ந்தபோதுதான் லாக்சினும் கேரல் வில்லியம்ஸும் 1964-ல் "திட்டமிட்ட உயிரணு மரணம்" என்ற சொல்லைக் கொண்டு வந்தார்கள். இன்றைக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியில் தினமும் புழங்குகிற சொல். அது முதலில் சுட்டியது கூட்டை விட்டு வந்த ஒரு அந்துப்பூச்சியின் வயிற்றை.

பறக்கிற தசையின் கதை வேறே. ட்ராசோஃபிலாவின் நெஞ்சில் நீளவாட்டில் ஓடும் ஆறு தசைகள் ஒரு பக்கத்துக்கு உண்டு. அவை வெறும் இடத்தில் உண்டாவதில்லை. கரையாமல் விடப்பட்ட மூன்று புழுத் தசைகளைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டு, அவை பிளந்து ஆறாகும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் விஜயராகவனும் கூட்டாளிகளும் 1991-ல் வெளியிட்ட வேலையில் இது இருக்கிறது. ஆக, புழுவின் தசையில் சில கரையும், சில சட்டமாகும், சில வாசலைத் திறந்துவிட்டுச் சாகும்.

பாவப்பந்தல்
மகளுக்கு வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல்ல. பெறவு "பாவம்"னு மட்டும் சொன்னா. எனக்க பாவக்காயை நாசம் பண்ணின ஈயைப் பாத்து.

அலைவாய் (முட்டம்)
நான் கருவாடு போடுறவ. வாத்தியார் சார் சொன்ன கோதுமை மணி எங்களுக்கு நல்லாத் தெரியும். நெத்தோலி, சாளை காயப் போடுற மணல்ல கையை விட்டா பிடி பிடியா வரும். ஏதோ விதைன்னே நினைச்சிருந்தோம். மாமியார் கூட "புல்லுக்க விதை"ன்னு சொல்லுவாவ.

வெயில் நாள்ல பிரச்சினை இல்ல. ஆனி, ஆடியில சாரல் பிடிச்சா மீன் காய மூணு நாலு நாள் ஆகும். அந்த நேரம் பச்சையா மினுங்குற பெரிய ஈ, செக்கச் செவேல்னு கண்ணு, அது வந்து செவிளுக்குள்ள முட்டை வச்சுரும். மறுநாள் புழு. மீனைத் தட்டி, கழுவி, திரும்பவும் உப்பு போட்டு காய வைப்போம். பாதி போயிரும். ஒரு சாரல் காலத்துல எனக்கு முழுசா ஒரு வள்ளத்து நெத்தோலி குப்பையில போச்சு, அன்னிக்கு நான் அழுதேன்.

இப்ப இதை வாசிச்ச பெறவுதான் ஒண்ணு உறைக்குது. நாங்க மீன்ல உள்ள புழுவைத் தட்டி அதே மணல்லதான் போடுறோம். அது அங்கேயே கீழ இறங்கிக் கூடு கட்டி, ஒரு வாரத்துல நெத்தியால மணலைத் தள்ளிட்டு மேல வந்து, தலைக்கு மேல இருக்குற அடுத்த மீன்லயே உக்காருது. அப்பிடித்தானா சார்?

உயிரியல்வாத்தியார்
அப்படியேதான் அம்மா. நீங்கள் சொல்வது கிரைசோமையா மெகாசெஃபலா என்ற பச்சை ஈ, காயும் மீனைத் தேடி வருவதில் பேர் பெற்றது. புழு முற்றியதும் மீனை விட்டுக் காய்ந்த இடம் தேடி மண்ணுக்குள் இறங்கும். உதிரி மணல் அதற்கு ரொம்ப வசதி, இறங்கவும் ஏறவும். புழுவைத் தட்டும்போது கீழே ஒரு தார்ப்பாய் விரித்து, சேர்ந்ததைக் கடல் தண்ணீர் நிறைந்த வாளியில் கொட்டி மூடி வையுங்கள், இல்லையென்றால் கோழிக்குப் போடுங்கள். மணலில் மட்டும் விடாதீர்கள். கம்பு நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டி இடுப்பு உயரத்தில் காயப் போட்டால் காற்று அடியிலும் ஓடும், சீக்கிரம் காயும், மணலில் இருந்து வரும் புது ஈக்கும் நேரடியாக மீன் கிடைக்காது.

அலைவாய்
வலை எங்ககிட்ட எம்புட்டும் கிடக்கு. செய்து பாத்துச் சொல்லுறேன்.

நாஞ்சில்வயல் (பூதப்பாண்டி)
ஆனைக்கொம்பனும் ஈதான் தெரியுமா? நெல்லுக்காரங்களுக்கு அது பெரிய எதிரி. நான் கும்பப்பூ பருவத்துக்கு டி.பி.எஸ். 5 நெல்லு போடுவேன், நம்ம திருப்பதிசாரத்து ரகம். ஆனைக்கொம்பன் விழுந்த தூர்ல கதிர் வராது, வெங்காயத்தாள் மாதிரி வெள்ளையா ஒரு குழல்தான் நீண்டு வரும். அந்தக் குழலுக்க நுனிப்பக்கம் பாத்தா, சின்ன ஓட்டையில ஒரு தோல் பாதி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். சின்ன வயசுல அதைப் பிச்சு விளையாடுவோம். அது நெற்றிப்பையால திறந்ததா சார்?

உயிரியல்வாத்தியார்
இல்லை அண்ணாச்சி, அங்கே ஏற்பாடு வேறு. ஆனைக்கொம்பன் கொசுவின் பக்கத்து உறவு, மெல்லிய உடம்புக்காரி. அதற்கு நெற்றிப்பை கிடையாது. அதனால் ஈ வெளியே வருவதற்கு முன்னால் கூட்டுப்புழுவே வேலையைப் பாதி முடித்து வைக்கிறது. கூட்டுப்புழுவின் வயிற்றில் பின்னோக்கிய முட்கள் உண்டு. வயிற்றுத் தசைகளை நெளிக்க நெளிக்க முட்கள் குழலின் சுவரில் பிடிக்கும், உடம்பு மேலே ஏறும், கீழே வழுக்காது. நுனிக்கு வந்து ஓட்டை போட்டுப் பாதி உடம்பை வெளியே நீட்டி நிற்கும். பிறகுதான் தோல் பிளந்து ஈ பறக்கும். நீங்கள் பிய்த்து விளையாடியது அந்த வெறும் தோல். மாட்டைக் கடிக்கும் பெரிய குதிரை ஈ வகைகளிலும் கூட்டுப்புழுவே இப்படி முள்ளை ஊன்றி மண்ணுக்கு மேலே வருவதைக் காணலாம்.

வழி திறக்கும் பாரம் ஒன்றில் கூட்டுப்புழுவின் மேல், இன்னொன்றில் வளர்ந்த ஈயின் மேல். ஆனால் இரண்டிலும் உழைப்பது வயிற்றுத் தசைதான்.

ரப்பர்க்காடு
பாவப்பந்தல் காலை ஆறரைக்குன்னு எழுதியிருந்தாரே, அதுவும் ஒரு கணக்கா? மண்ணுக்குள்ள விடிஞ்சது எப்பிடித் தெரியும்?

ஆய்வுமாணவி
கணக்குதான். ட்ராசோஃபிலா பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான் வெளியே வரும். காற்றில் ஈரம் இருக்கும், ஈரமான இறக்கை காய்ந்து போகாமல் முழுசாக விரிய அவகாசம் கிடைக்கும். விடிந்ததை வெளியே பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. உள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. முழு இருட்டில் வைத்தாலும் ஏறக்குறைய 24 மணிக்கு ஒரு தடவை ஈக்கள் கூட்டமாக வெளிவரும். இன்றைக்குத் தயாராகாத ஈ, சாயங்காலம் தயாரானாலும் வராது, நாளை விடியலுக்குக் காத்துக் கிடக்கும். 1971-ல் கொனோப்காவும் பென்சரும் இந்த நேரம் தவறிய ஈக்களைத் தேடிப் பிடித்துத்தான் கடிகார மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 2017 நோபல் பரிசு அந்த மரபணு எப்படி வேலை செய்கிறது என்று காட்டியவர்களுக்குப் போனது.

தசைக்கு "இப்போ" என்று சொல்வது யார்? மூளையில் இருந்து வரும் ஹார்மோன். ட்ரூமனும் ரிடிஃபோர்டும் 1970-ல் செய்த சோதனையைச் சொல்லியே ஆக வேண்டும். காலையில் வெளிவரும் ஒரு பட்டு அந்து, பிற்பகலில் வெளிவரும் இன்னொன்று. இரண்டின் கூட்டுப்புழுக்களிலும் மூளையை எடுத்து, மாற்றி, வயிற்றுக்குள் வைத்துவிட்டார்கள். எந்த நரம்போடும் தொடர்பில்லாமல் சும்மா மிதக்கிற மூளை. காலைக்காரி பிற்பகலில் வந்தாள், பிற்பகல்காரி காலையில் வந்தாள்! நேரம் மூளையோடு போய்விட்டது, சேதி ரத்தத்தில் போயிருக்கிறது. பிறகு அந்த ஹார்மோனை, அந்தின் உடம்பிலிருந்து தனியே எடுத்த வயிற்று நரம்பு வடத்துக்குக் கொடுத்தார்கள். கூடும் இல்லை, தசையும் இல்லை. ஆனாலும் வயிற்றைச் சுழற்றி, ஓய்ந்து, மறுபடி நெளிக்கிற முழு வரிசையையும் நரம்பு ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் தன்பாட்டில் ஓட்டி முடித்தது.

உயிரியல்வாத்தியார்
மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் இந்த உயிர்க்கடிகாரத்துக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். ஈக்கள் கூட்டை விட்டு வரும் நேரத்தை ஒளியால் மாற்றிப் பார்த்த ஆய்வுகள் அவருடையவை. பிறகு குகை வௌவால்களிடம் போனார். நம்மூர்ப் பிள்ளைகள் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பாவப்பந்தல்
ஒரு மாசமா இழையைப் பாக்காம இருந்தேன்னு நினைக்காதீங்க. வேலை நடந்துட்டிருந்து.

ஆய்வுமாணவி தங்கச்சி தனியா எனக்கு ஒரு காரியம் சொன்னா. குத்துபட்ட காயை 0.46 மீட்டர் ஆழத்துல மூடினா ஈ மேல வராதுன்னு ஏற்கெனவே ஆராய்ஞ்சு எழுதியிருக்காவளாம். கணக்குப் போட்டா ஒரு முழம். நான் மூடினது ஒரு சாண். கண்ணால காணாம எனக்கு மனசு ஒத்துக்கல்ல. பழைய பி.வி.சி. பைப்பை ரெண்டா அறுத்து, அடியை அடைச்சு, அடியில இருபது இருபது கூட்டைப் போட்டேன். ஒண்ணுல ஒரு சாண் மண்ணு, மத்ததுல ஒரு முழம், ரெண்டையும் கம்பால குத்தி இறுக்கினேன். நம்ம தோட்டத்துச் செம்மண்ணுதான். வாய்ல கொசுவலை கட்டி நிழல்ல வச்சேன்.

சாண் பைப்புல ஏழாம் நாள்ல இருந்து வரத் தொடங்கி, மொத்தம் பதினாலு ஈ. எல்லாமே காலை நேரம், மக குறிச்சு வச்சிருக்கா. முழம் பைப்புல ஒண்ணு கூட வரல்ல.

இருபது நாள் கழிச்சு முழம் பைப்பை நீளத்துல அறுத்துப் பாத்தோம். அடியில மூடி கழன்ற கூடு நிறைய. அப்ப அதுகள் வெளிய வந்திருக்கு. பாதி வழியில, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல, அஞ்சாறு ஈ செத்துக் கிடக்கு. இறக்கை விரியவே இல்ல, மடிச்சது மடிச்சபடி. நிறமும் சரியா ஏறல்ல, வெளிறித்தான் இருக்கு. ஒண்ணுக்க நெத்தியில குமிழி வெளிய நிக்கு. சாண் பைப்புல வந்த ஈ எல்லாம் கொஞ்ச நேரத்துல மஞ்சளும் பழுப்புமா நிறம் ஏறி இறக்கை விரிச்சதை நாங்களே பாத்தோம். இது ஏன் அப்பிடியே நின்னு போச்சு?

ஆய்வுமாணவி
அண்ணே, நீங்க பைப்பை அறுத்துப் பார்த்தது 60 வருஷத்துக்கு முன்னாடி பெரிய ஆய்வுக்கூடங்களில் கேட்ட கேள்வியேதான்.

ஈ மண்ணுக்குள் இருக்கும் வரை ஓடு இறுகக் கூடாது, இறக்கை விரியக் கூடாது. இறுகினால் நெளிய முடியாது, இறக்கை விரிந்தால் கிழியும். அதனால் மண் தடுக்கிற வரை அந்தப் பணியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கும். தடை நீங்கி வெளிக்காற்றில் நின்ற பிறகுதான் அடுத்த கட்டம். தொண்டைத் தசைகளால் காற்றை விழுங்கிக் குடலை உப்ப வைக்கும், வயிற்றுத் தசை மறுபடி இறுக்கும், ரத்தம் இப்போ நெற்றிக்குப் பதில் இறக்கைக்குள் பாயும், மடிப்பெல்லாம் நிமிரும். கூடவே ஓட்டைக் கெட்டியாக்கி நிறம் ஏற்றும் ஹார்மோன் வெளிவரும். அதன் பெயர் பர்சிகான். 1962-ல் ஃபிரான்கலும் ஷியாவும், வெளியே வந்த உடனே ஈயின் கழுத்தை நூலால் இறுக்கிக் கட்டினார்கள். உடம்பு வெளிறியே கிடந்தது. நிறம் ஏறிக்கொண்டிருந்த இன்னொரு ஈயின் ரத்தத்தை ஊசியில் ஏற்றியதும் கறுத்தது. "வெளியே வந்துவிட்டோம்" என்கிற சேதி தலையில் இருந்து போனால்தான் மற்றது நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

உங்க முழம் பைப்பில் செத்த ஈக்களுக்கு அந்தச் சேதி வரவே இல்லை.

தேன்கூடு (மார்த்தாண்டம்)
அண்ணே, அந்தக் காலிக் கூடுகளைத் தூரப் போட்டுராதீங்க. நானும் ஒரு பிடி எடுத்துப் பாத்தேன். பெரும்பாலானதுல முன்பக்க மூடி அழகாக் கழன்றிருக்கு. மூணு கூட்டுல மட்டும் மூடி அப்பிடியே இருக்கு, பக்கத்துல சின்ன உருண்டை ஓட்டை, விளிம்பு கரகரன்னு கடிச்ச மாதிரி. அதைப் பாத்தவுடனே எனக்குத் தேனீ ஞாபகம் வந்து.

உயிரியல்வாத்தியார்
சரியாகப் பிடித்தீர்கள் தம்பி. அது குளவி. ஈயின் புழுவிலோ கூட்டிலோ முட்டையிட்டு, ஈயைத் தின்று வளர்ந்து, கடைசியில் தாடையால் கூட்டைக் கடித்து வெளியே வரும் ஒட்டுண்ணிக் குளவி. தேனீயின் தூரத்துச் சொந்தம். நெற்றியால் திறந்த கூட்டில் மூடி கழலும், வாயால் திறந்த கூட்டில் ஓட்டை விழும். நீங்கள் முதல் நாள் சொன்ன கடி இங்கே வந்து நிற்கிறது. கடி விழுந்த கூடு எவ்வளவு என்று பார்த்தால் உங்கள் தோட்டத்தில் குளவி எந்த அளவு உதவுகிறது என்று தெரியும். மருந்து தெளித்தால் அதுவும் சாகும்.

பாவப்பந்தல்
குளவிக்காக மருந்தை நிறுத்தியாச்சு. பந்தல்ல கியூலூர்ங்கிற வாசனை வச்ச பொறி நாலு தொங்குது, ஆண் ஈ விழுது. மாவும் கொய்யாவும் நிக்கிற பக்கத்துக்கு மெத்தில் யூஜினால் பொறி, அங்க வாற ஈ வேற. விழுற காயை இப்ப தினமும் பொறுக்குறேன். குழி வெட்டத் தோதுப்படாத நாள்ல கட்டியான பாலிதீன் சாக்குல போட்டு இறுக்கிக் கட்டி வெயில்ல வைப்பேன், உள்ள உள்ள புழு எல்லாம் அவிஞ்சுரும். பந்தலுக்கு அடியில மாசத்துல ரெண்டு தடவை மேலாக மண்ணைக் கொத்தி விடுவேன். கூடு மேல வந்தா மைனா பொறுக்கிரும்.

குழி வெட்டினா ஒரு முழம். மம்பட்டிக் கைப்பிடியில மக சாயத்தால ஒரு கோடு போட்டுத் தந்திருக்கா. கோடு மண்ணுக்குள்ள மறைஞ்ச பெறவுதான் காயைத் தட்டணும்னு சட்டம். நேத்து ஒரு பாறை மாட்டிச்சு, கோடு மறையல்ல. ரெண்டு பேருமாச் சேந்து வேற இடத்துல வெட்டினோம்.

அலைவாய்
சாரல்ல மூணு நாள் வலையில காயப் போட்டுப் பாத்தேன். செவிளுக்குள்ள முட்டை வச்சது இருக்கத்தான் செய்யுது, ஆனா முன்ன மாதிரி இல்ல. தட்டின புழு ஒரு வாளி, உப்புத்தண்ணியில. பழைய மணலைக் கிளறி அரிச்சு எடுத்தேன், மரக்கா நிறையக் கூடு வந்து. அந்த ஓட்டை விழுந்த கூடு இருக்கான்னு இப்ப ஒண்ணொண்ணாப் பாத்துட்டிருக்கேன், எனக்க மாமியாரும் கண்ணாடி போட்டு உக்காந்துட்டாவ.